மூச்சு வாங்கும் வேலைகள்

பிப்ரவரி 4

அக்கா,

நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஜுரம் வந்தால் அந்த ஜுரம்தான் பயந்து ஓடும். அதனால் அதைக் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் ஒரு கேள்விப் பாரம் வைத்திருக்கிறேன். எட்டுப் பக்கம். இங்கே சுகாதார ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு பெண் வீடு வீடாக வந்து, அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கெல்லாம் இதைக் கொடுத்துவிட்டுப் போனாள். வயதானவர்கள் ஒரு வாரத்தில் எவ்வளவு நடக்கிறார்கள், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள், எவ்வளவு நேரம் மூச்சு வாங்க வேலை செய்கிறார்கள் என்று நாமே நம் கைப்பட எழுதித் தரவேண்டும். அவர்கள் கூட்டிப் பெருக்கி மதிப்பெண் போடுவார்களாம். வெளியூரில் கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்க்கலாம் என்றாள். உடனே உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஆளுக்கு ஒரு குடை இலவசம். பட்டனை அமுக்கினால் தானே விரியும் குடை.

என் பாரத்தை எழுதி முடித்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கியவன் நான். வேலைக் காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறினீர்கள் என்று கேட்டிருந்தால் ஐந்நூறு என்று எழுதி அசத்தியிருப்பேன். பாவிகள், கடந்த ஏழு நாளைத்தான் கேட்கிறார்கள். அதிலும் நான் குறை வைக்கவில்லை.

போன மாதம் வருவதாகச் சொல்லிவிட்டு வராததற்குத் திட்டி எழுதியிருந்தாய். ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லை, நான் என்ன செய்ய? போனும் இன்னும் ரிப்பேரில்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை வந்துசேர நான்கு நாளாவது ஆகிறது.

பாரத்தை உள்ளது உள்ளபடி எழுது. சும்மா அளக்காதே.

உன் ஒரே தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? எழுபத்திரண்டு வயதில் எனக்குப் பரீட்சை. அதுவும் ஒரு குடைக்காக.

இருந்தாலும் எழுதி அனுப்பிவிட்டேன். சீக்கிரமே முடிந்தது, ஏனென்றால் எழுத ஒன்றும் இல்லை. உடற்பயிற்சிக்காக நடப்பீர்களா என்று கேட்டிருந்தார்கள். இல்லை. போக ஓர் இடம் இல்லாமல் நடக்க எனக்கென்ன பைத்தியமா? விளையாட்டு? இல்லை. "வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கும் வேலைகளை, ஒரு தடவைக்குப் பத்து நிமிடமாவது, வாரத்தில் எத்தனை நாள் செய்கிறீர்கள்?" இதற்குக் கொஞ்சம் யோசித்தேன். எனக்கு மூச்சே வாங்குவதில்லையே. சைபர் போட்டேன். அடுத்து மிதமான வேலை என்று ஒன்று. எது மிதம் என்று புரியவில்லை, அதற்கும் சைபர். முப்பது வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிந்து தூக்கிப் போட்டவள் நான். வேலை என்றால் அது வேலை. அங்கிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு வேலையும் செய்வதில்லை. உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள் என்ற கேள்விக்குத்தான் விடை தெரியவில்லை. நினைத்து நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை. காலியாக விட்டுவிட்டேன். கடைசியில் நெருங்கிய உறவினர் விலாசம் கேட்டிருந்தார்கள். உன்னைப் போட்டு என்ன பிரயோசனம்? மகளுடையதைப் போட்டேன்.

இந்த வாரம் இங்கே தண்ணீர் மோட்டார் ரிப்பேர். கீழ்க் குழாயிலிருந்து நான்கு மாடிக்கும் வாளியில் தூக்கியாகிறது. மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகள், அதனால் அவளுக்கும் நான்தான் கொண்டுபோய் வைக்கிறேன். படிக்கட்டுக் கழுவ வருகிறவன் ஈரத் துணியைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறான். அவன் போனதும் நான் ஒரு தடவை தேய்த்துக் கழுவிவிடுகிறேன். மார்க்கெட்டுக்குப் பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறவேண்டும், அந்த நேரத்தில் நடந்தே போய்வந்துவிடலாம். கடிதம் தாமதமானதற்கு இதுதான் காரணம், வேறு வேலை ஒன்றும் இல்லை.

ரயிலில் கீழ்ப் படுக்கை கிடைக்கவில்லையா? யாருக்குக் காது குத்துகிறாய்? பட்டப்பகலில் நான்கு மணி நேரப் பயணத்துக்குப் படுக்கை எதற்கு? இரண்டு வருடம் ஆகிறது நீ என் வாசலை மிதித்து. போன தடவை நீ கிளம்பும்போது உன் சட்டையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வரவில்லை என்றால் சொல்லிவிடு. சட்டை நல்ல சட்டைதான். காலர்தான் கிழிந்திருந்தது.

அக்கா


மார்ச் 24

அருமை அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றபடி படித்தால் பெருமையில் தலை சுற்றி விழுந்துவிடுவாய்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்: "உங்கள் வயதினரில் உடல் உழைப்பு மிக அதிகம் உள்ள முதல் பத்து சதவீதத்தினரில் நீங்களும் ஒருவர். பாராட்டுகள்." முத்திரை, கையெழுத்து, எல்லாம் இருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். டீக்கடைக்காரர் இரண்டு தடவை வாங்கிப் படித்தார். "சார், உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே"ன்னார். "உள்ளுக்குள்ள ஓடுது"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இன்னும் முடியவில்லை. ஏப்ரல் பதினான்காம் தேதி நகர மன்றத்தில் முதியவர்களுக்கு ஒரு கூட்டம். தலைப்பு, எழுபதிலும் துள்ளல். அதில் நான் பேச வேண்டுமாம்! அறுபத்தொன்பதுதான் ஆகிறது, பரவாயில்லை, துள்ளலுக்கு ஒரு வயது முன்பின் இருக்கலாம். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுகிறேன். நின்று என்றால், நாற்காலியில்.

சின்ன வயதில் நம் தெருவில் யார் என்னை ஓட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள்? நீதான் ஓடுவாய், உன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். இன்று பார். உனக்கு என்ன வந்தது? நூற்றுக்கு எத்தனை? வெட்கப்படாமல் எழுது.

முதல் பத்து சதவீதம்


மார்ச் 30

முதல் பத்து சதவீதத்துக்கு,

உன்னை நேரில் பார்த்தால் அந்தக் குடையாலேயே நாலு போடுவேன்.

எனக்கு வந்த கடிதம் இது: "உங்கள் உடல் உழைப்பு மிகக் குறைவு. ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் அமர்ந்த நிலையில் இருக்கிறீர்கள். தசை இழப்பும் கீழே விழும் அபாயமும் உண்டு. தனியாக வசிப்பவராயின் குடும்பத்தினர் கவனிக்கவும்." பதினெட்டு மணி நேரம்! நான் கட்டிப்போட்ட மாடா? இது எனக்கு வந்ததோடு போயிருந்தால் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். நெருங்கிய உறவினருக்கு ஒரு பிரதி போயிருக்கிறது.

என் மகளைத்தான் உனக்குத் தெரியுமே. காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருடமாக உட்கார்ந்து, யார் எப்போது எப்படி விழுவார்கள் என்று கணக்குப் போடுவதே பிழைப்பு. அவளுக்கு ஒரு முத்திரை குத்திய காகிதம் கிடைத்தால் சும்மா இருப்பாளா? மறுநாளே வந்து இறங்கினாள். "நாலு மாடி, லிஃப்ட் இல்லை, தனியா இருக்கே, பதினெட்டு மணி நேரம் உக்காந்தே இருக்கியாம், ஏம்மா எங்கிட்ட மறைச்சே?"ன்னு ஒரே அழுகை. நான் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், என்னைப் பார்த்து அழுகிறாள். சொன்னால் நம்பவில்லை. "நீதானே உன் கையால சைபர்னு எழுதியிருக்கே"ங்கிறா.

வீட்டுக்காரரிடம் பேசிவிட்டாள். மே முப்பத்தொன்றாம் தேதி நான் இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவள் வீட்டில் எனக்கு ஓர் அறை, ஒரு சோபா, ஒரு டி.வி. பாத்திரம் கழுவ ஒரு மெஷின், துணிக்கு ஒரு மெஷின், வீடு கூட்டக்கூட ஒரு மெஷின் தரையில் ஊர்ந்துகொண்டு போகிறது. நான் என்ன செய்வேன், அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பேனா?

தம்பி, விளையாட்டாக எழுதவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாசத்தில்தான் செய்கிறாள். ஆனால் முப்பத்தொரு வருடமாக இது என் வீடு. இதில் எந்தக் கதவை எப்படித் தள்ளினால் சத்தம் வராது என்று எனக்குத் தெரியும். யாரோ கொண்டுவந்து கொடுக்கும் டம்ளரை வாங்கிக் குடித்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார எனக்கு இஷ்டம் இல்லை. அப்படி உட்கார்ந்தால் ஒரு வருடத்தில் அந்தக் காகிதம் சொன்னது உண்மையாகிவிடும்.

நீ இழுத்துவிட்ட வினை, நீயே தீர்த்து வை. அந்த ஆராய்ச்சிப் பெண்ணிடம் போய்ப் பேசு. கூடவே, தெருமுனைக்குக்கூட வண்டி கேட்கும் நீ என்ன எழுதி முதல் பத்தில் வந்தாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். உன் பாரத்தின் நகலை அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த நாள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன்.

அந்தப் பெண் நல்லவள். கம்ப்யூட்டரில் உன் பாரத்தைத் தேடி எடுத்தாள். உழைப்பு எல்லாவற்றுக்கும் நீ சைபர் போட்டுவிட்டு, உட்காரும் நேரத்தைக் காலியாக விட்டிருக்கிறாய். காலியாக இருந்தால் கழித்துப் பார்த்து நிரப்புவது அவர்கள் வழக்கமாம். இருபத்து நான்கில் தூக்கம் ஆறு போனால் மீதி பதினெட்டு. அவ்வளவுதான் கதை. நீ வாளி தூக்குவதையும் படிக்கட்டுக் கழுவுவதையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதையெல்லாம் அவங்க எழுதவே இல்லையே ஐயா"ன்னா. "அதெல்லாம் எங்கக்காவுக்கு வேலையே இல்லைம்மா"ன்னேன். ஆனால் எழுதிக் கொடுத்ததை, உறவினர் வாய்ச்சொல்லை வைத்து மாற்ற விதி இல்லையாம். வேறு வழி இருக்கிறதா என்று மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

நகல் கேட்டாய், வைத்திருக்கிறேன். நீ சந்தேகப்படுகிற மாதிரி நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. மூச்சு வாங்கும் வேலைகள் என்ற பகுதியைப் பார். காலுறை போடுவது, தினமும். டீக்கடைக்குப் போய்வருவது, தினமும் இரண்டு தடவை. குளிக்க ஒரு வாளி நகர்த்துவது, தினமும். கட்டில் விரிப்பை மாற்றுவது, வாரம் ஒரு முறை. வாசற்படி மூன்றும் ஏறுவது, தினமும் நான்கு தடவை. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஆகவேண்டும் என்று போட்டிருக்கிறார்களே, அதையும் சரியாகத்தான் கணக்குப் பார்த்தேன். காலுறை போட ஒரு நிமிடம், மூச்சு அடங்க ஒன்பது நிமிடம். கூட்டினால் பத்து.

சொல், இதில் எது பொய்?

தம்பி


ஏப்ரல் 10

தம்பி,

நகலை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன்.

காலுறை போட்டால் உனக்கு ஒன்பது நிமிடம் மூச்சு வாங்குகிறதா? மூன்று படி ஏறினால் வாங்குகிறதா? எவ்வளவு நாளாக?

நீ பதில் எழுத வேண்டாம், எனக்கே புரிகிறது. உனக்கு ரயிலில் படுக்கையும் பிரச்சினை இல்லை, சட்டையும் பிரச்சினை இல்லை. என் வீடு நான்காம் மாடியில் இருக்கிறது, அதுதான் பிரச்சினை. போன் ரிப்பேரும் இல்லை. பேசினால் உன் மூச்சு எனக்குக் கேட்டுவிடும். இரண்டு வருடமாக என்னைக் கடிதம் எழுத வைத்து, நானும் ஒரு முட்டாள் மாதிரி வாரம் தவறாமல் தபால்பெட்டிக்கு நடந்துகொண்டிருந்தேன்.

உனக்கு என்னவோ ஆகியிருக்கிறது, அதை நீ என்னிடம் மறைத்திருக்கிறாய். இதை எழுதும்போது எனக்கு வருவது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

என் வீடு போனால் போகட்டும், அது செங்கல். நீ முதலில் டாக்டரிடம் போ. போய்விட்டு எனக்கு எழுது. அதுவரை உன்னிடமிருந்து வரும் வேறு எந்தக் கடிதத்தையும் நான் பிரிக்க மாட்டேன்.

உன்னைத் தூக்கி வளர்த்தவள்


ஏப்ரல் 20

அக்கா,

போய்விட்டேன். டாக்டரிடம்தான். பிரித்துப் படிக்கலாம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். உன் கடிதம் பதினான்காம் தேதி காலையில் வந்தது. அன்றைக்குத்தான் கூட்டம். உடனே டாக்டரிடம் போயிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோட்டீஸில் என் படம் போட்டிருந்தார்கள். பேசிவிட்டுப் போகலாம் என்று கூட்டத்துக்குப் போனேன்.

மேடைக்கு ஆறு படி. நகர மன்றத்தைக் கட்டியவன் என்ன நினைத்துக் கட்டினானோ. ஏறி மைக்கைப் பிடித்தேன். பேச்சு வரவில்லை. மூச்சுதான் வருகிறது, மைக் வேறு அதைப் பெரிதாக்கி மன்றம் முழுக்கப் பரப்புகிறது. ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். முன்வரிசைப் பெரியவர் நான் மூச்சுப் பயிற்சி காட்டுகிறேன் என்று நினைத்துத் தானும் மூச்சை இழுத்து விட ஆரம்பித்தார். அவரைப் பார்த்து அந்த வரிசை, அதைப் பார்த்து அடுத்த வரிசை. முடிவில் பலத்த கைதட்டல். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய கைதட்டல் வாங்கியதே இல்லை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

ஆராய்ச்சிப் பெண் மட்டும் கைதட்டவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "ஐயா, பாரத்துல நீங்க எழுதின மூச்சு இதுதானா?" ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என்னைக் கையைப் பிடித்து இறக்கி, அவளே ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

பயப்படாதே. இதயம் சரியாக இருக்கிறது, நுரையீரலும் சரியாக இருக்கிறது. ரத்தம்தான் இல்லை. பதின்மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் நானே வாங்கி இரண்டு வருடமாக முழுங்கிய மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போயிருக்கிறது. "இவ்வளவு நாள் எப்படி நடமாடினீங்க?"ன்னு டாக்டர் கேட்டார். "முதல் பத்து சதவீதத்துல இருந்தேன் சார்"னு சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். அந்த மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். நேற்று காலுறை போட்டேன். இரண்டு நிமிடம்தான்.

அக்கா, ஓர் உண்மையைச் சொல்கிறேன். பாராட்டுக் கடிதம் வந்த அன்றே, இதில் ஏதோ கோளாறு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சட்டம் போட்டு மாட்டினேன். உடம்புக்கு என்ன என்று கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்திலேயே இரண்டு வருடம் ஓட்டியவனுக்கு, ஒன்றும் இல்லை, நீ துள்ளுகிறாய் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் விட மனம் வருமா? அந்த ஆசையில் நீ மாட்டிக்கொண்டாய். என்னை மன்னித்துவிடு.

உன் விஷயம்: பாரத்தை மட்டும் நம்பக்கூடாது என்று சிலருக்கு இடுப்பில் ஒரு சின்னக் கருவி கட்டி ஏழு நாள் அளக்கிறார்களாம். பாரத்தின் ஓட்டையைக் காட்டிக் கொடுத்த நம் இருவருக்கும் அனுப்பச் சொல்லி அந்த ஆராய்ச்சிப் பெண் அனுமதி வாங்கிவிட்டாள். உன் ஊர்க் கிளையிலிருந்து ஆள் வரும். ஒன்றே ஒன்று: கருவி இருக்கிறது என்று கூடுதலாக எதுவும் செய்யாதே.

தம்பி


மே 14

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு மூன்றாம் மாடிக்கு வாளி கொண்டுபோனேன், மோட்டார் மறுபடியும் ரிப்பேர். மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடு. மன்னிப்பெல்லாம் நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நான் சில வார்த்தைகள் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கருவி வந்தது. தீப்பெட்டி அளவுதான். என் மகள் சாமான் கட்ட இரண்டு வாரம் லீவு போட்டு வந்திருந்தாள். நான் ஏமாற்றிவிடுவேன் என்று தினமும் காலையில் அவளே கட்டிவிட்டு, பின்னாலேயே வர ஆரம்பித்தாள். கிளையிலிருந்து வந்த பையில் இன்னொரு கருவி உபரியாக இருந்தது. அதை அவள் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள், ஒப்பிட்டுப் பார்க்கிறாளாம்.

முதல் நாள் மார்க்கெட்டுக்கு என்கூட வந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் போகலாம் என்றாள். இரண்டாம் நாள் படிக்கட்டுக் கழுவும்போது இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் என் பின்னால் வருவதை விட்டுவிட்டு, ஜன்னலில் நின்று பார்த்தாள். ஏழாம் நாள் கருவியைக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்துக் கிளையிலிருந்து போன். "அம்மா, தப்பா நினைக்காதீங்க, கருவியை நீங்களேதானே கட்டியிருந்தீங்க? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க யாராவது எடுத்து விளையாடலையே?" மறுநாள் கணக்குத் தாள் வந்தது. எனக்கு ஒரு நாளைக்குப் பதினான்காயிரம் காலடி. உட்கார்ந்த நேரம் மூன்றரை மணி. என் மகளுக்கு நான்காயிரம் அடி. தன் தாளை அவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், காட்டவே இல்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. சாமானைப் பிரிக்கட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ நல்லா நடக்குறே, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு நாள் விழுந்தா யாரும்மா பாப்பாங்க? நான் போன் அடிச்சு நீ எடுக்கலைன்னா, அங்க ஆபீஸ்ல என் உயிர் போகுது. அது உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவள் இத்தனை வருடம் சொன்னதே இல்லை. நான் மாடியில் துணி காயப்போடும்போது போன் அடித்திருக்கும், நான் பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்ப்பேன். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எப்படிப் போயிருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அதனால் சரி என்று சொல்லிவிட்டேன். மே முப்பதாம் தேதி வேன் வருகிறது. மனது ஆறவில்லை, ஆனாலும் அவளை இதற்குமேல் பயமுறுத்த என்னால் முடியாது.

உன் கருவிக் கணக்கு என்ன?

அக்கா


மே 20

அக்கா,

என் கணக்கு ஆயிரத்து எண்ணூறு அடி. அதில் பாதி கருவியைத் தேடி நடந்தது. முதல் பத்து சதவீதத்திலிருந்து கடைசிப் பத்துக்குப் போய்விட்டேன், சட்டத்தைக் கழற்றி உள்ளே வைத்தாகிவிட்டது. ஆனால் ரத்தம் பதினொன்றுக்கு ஏறிவிட்டது. மாடிப்படி ஏறலாம், மாடிக்கு மாடி உட்கார்ந்து ஏறவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதனால் படி ஏறிப் பழக என் பழைய ஆபீஸுக்குப் போனேன். முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த கட்டடத்தில் மாடிப்படி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது, காவல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் ஒரு மாடி. நேற்று மூன்று. லிஃப்டில் இப்போது இருக்கிறவன் ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து, "வர்றீங்களா சார்?"னு கேட்கிறான். நான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நேற்று வீட்டுக்கு வந்து மாத்திரையைக் கையில் எடுத்தால், காலையில் போட்டேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. கேட்க ஆளும் இல்லை. சரி, அதை விடு. உன் பின்னறையில் இப்போது என்ன இருக்கிறது? ஓர் ஒற்றைக் கட்டில் போட இடம் இருக்குமா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


மே 30, மாலை நான்கு மணி

தம்பிக்கு,

நீ பின்னறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். நடுவில் ஒரு சுவர்தான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் ஒன்று அழுவேன், இல்லை உன்னோடு சண்டைக்கு வருவேன்.

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. வேன் வரும் தேதி குறித்தாகிவிட்டது, கட்டிலுக்கு இடம் இருக்கிறது என்று எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். பதில் இல்லாமலே நீ கிளம்பி வருவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

காலையில் வேன் வந்து நின்றது. முதலில் பீரோவைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கீழே இறங்கினார்கள். போன வேகத்தில் ஒருவன் திரும்பி வந்து, "அம்மா, மூணாவது மாடிப் படியில யாரோ ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. நகர மாட்டேங்குறாரு. பீரோ போக வழி இல்லை"ன்னான். என் மகள் இறங்கிப் போனாள், பின்னாலேயே நானும் போனேன். நீ படியின் நடுவில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் இரட்டைக் குழந்தைகளின் அம்மா தண்ணீரோடு நின்றாள். அடியிலிருந்து அங்கே வர முக்கால் மணி நேரம் என்று பிறகு சொன்னாய்.

என் மகள் பதறிவிட்டாள். "மாமா! இந்த உடம்போட எதுக்கு மாமா ஏறினீங்க?"ன்னு கத்தினாள். நீ மூச்சை ஒரு தடவை இழுத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "உங்கம்மா இறங்கக்கூடாதுன்னுதான்."

அவள் அப்படியே உன் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாள். நீ அவளிடம் சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது. "எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் வேணும், அதை இவளை விட்டா யாரும் செய்ய மாட்டாங்க. இவ விழுந்தா உனக்குப் போன் பண்ண ஆள் வேணும், அது எனக்கு உக்காந்த இடத்துல செய்ய முடியும். முப்பத்தஞ்சு வருஷம் பட்டனை அமுக்கினவன் நான்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பீட்டுக் கம்பெனிக் குரலில் கேட்டாள்: "தினமும் ராத்திரி எட்டு மணிக்கு நீங்க எனக்குப் போன் பண்ணணும். ஒரு நாள் தவறினா மறுநாள் வேன் வரும். சம்மதமா?" நீ சம்மதம் என்றாய். என்னை யாரும் கேட்கவில்லை.

அங்கேயே படியில் உட்கார்ந்தபடி வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். "எங்கம்மா காலி பண்ணலை சார்"னு அவள் சொன்னதை நீ கேட்டாய் அல்லவா? எனக்கு அதை இன்னும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கவேண்டும் போல இருந்தது. வேன்காரர்களுக்கு அரை நாள் கூலி கொடுத்து, அவர்களைக் கொண்டே உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது. அவள் மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது படியில் ஓடினாள், என்னிடம் தோற்றதை மறக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டு வருடம் உன்மேல் இருந்த கோபம் முழுவதும் இன்று காலையில் அந்தப் படியில் போய்விட்டது. இதை ஒருமுறைதான் சொல்வேன், எழுத்தில் இருப்பதால் பத்திரமாக வைத்துக்கொள்: நீ வந்தது எனக்குச் சந்தோஷம். சொல்லி முடியாத சந்தோஷம்.

எழுந்ததும் இதைப் படி. படித்துவிட்டு ஒன்றும் சொல்லாதே. முகத்தைக் கழுவிக்கொண்டு டீ குடிக்க வா, ஆறிக்கொண்டிருக்கிறது.

அக்கா